மரைக்குள் ஒடிந்த டேப்

நாமக்கல் என்றாலே லாரி பாடி என்று ஊரெல்லாம் பேர். தேக்குச் சட்டம், ரிவிட், கேபின் நெற்றியில் எழுதும் குலதெய்வத்தின் பெயர் என்று எழுத வருகிறவர்கள் எல்லாம் அதையே எழுதிவிட்டுப் போகிறார்கள். பாடி கட்டும் பட்டறைக்குப் பக்கத்தில் கரி ஏறிய கதவோடு ஒரு லேத் பட்டறை இருக்குமே, அதற்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நான் அந்தப் பட்டறைக்காரன். எழுபதுகளில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாக லேத் போட்டு, இப்போது மகன் கையில் விட்டுவிட்டேன். எங்கள் தொழிலின் பழங்கதையை எங்கே தொடங்குவது என்று கேட்டால் ஒடிந்த டேப்பில் தொடங்கச் சொல்வேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. துளைக்குள் மரை வெட்டும் ஆயுதம்தான் டேப். பார்க்க போல்ட் மாதிரி இருக்கும். நெடுக மூன்று நான்கு பள்ளம் ஓடும். ஒரு செட்டில் மூன்று. ஒண்ணாம் நம்பர் வழிகாட்டும், ரெண்டாம் நம்பர் வெட்டும், மூணாம் நம்பர் அடிவரை போய் முடிக்கும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று திருப்பினால்தான் வெட்டிய சுருள் முறியும். பின்னால் திருப்ப மறந்தாலோ, கைப்பிடி சாய்ந்தாலோ, டிரில் போட்ட துளை ஒரு முடி சின்னதாக இருந்தாலோ, ‘டிக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பட்டறையில் எல்லா லேத்தும் நின்றுவிடும். எடுப்பது ஏன் கஷ்டம் என்றால், டேப்பும் டிரில்லும் ஒரே கடினம். எதை வைத்து எதைத் துளைப்பது?

எல்லா ஊரிலும் டேப் ஒடியும். எங்கள் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே ஒடிந்தது. அதற்குக் காரணம் லாரிகளின் வம்சாவளி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஃபோர்டு, ஷெவர்லே வண்டிகள் ரோட்டுக்கு வந்தன; பின்னால் பெட்ஃபோர்டு, டாட்ஜ், ஃபார்கோ. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த மரைக்கு 55 டிகிரிக் கோணம். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் வகுத்ததற்கு 60 டிகிரி. எங்கள் கணக்கோ நூல் கணக்கு: எட்டு நூல் ஓர் அங்குலம். ரெண்டு நூல், ரெண்டரை நூல், மூணு நூல் போல்ட்டுகளில் இங்கிலீஷ்காரனுக்கும் அமெரிக்கனுக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என்பதில் பேதமில்லை. கோணம் மட்டும் வேறு, எப்படியோ ஏறிவிடும். நாலு நூலில்தான் வினை. விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்கனில் 13. கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் இறுகும். பழைய துளையைச் ‘சுத்தம் பண்ண’ தப்பான டேப்பை ஓட்டினால் அங்கேயே ஒடியும்.

இது போதாதென்று மெட்ரிக் வந்தது. 1954இல் டாட்டா ஜெர்மன் பென்ஸோடு சேர்ந்து லாரி கட்டத் தொடங்கியது. 1955இல் சென்னை அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்டு ஆனது. ஒன்று மில்லிமீட்டர் பரம்பரை, மற்றது அங்குலப் பரம்பரை. 1956இல் சர்க்கார் மெட்ரிக் அளவைச் சட்டம் போட்டு, 1958 அக்டோபர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சந்தையில் படியும் சேரும் போய் லிட்டரும் கிலோவும் வந்த மாதிரி பட்டறையில் நூல் போய்விடவில்லை. இன்றைக்கும் போகவில்லை. ரெண்டரை நூல் போல்ட் என்பது 7.94 மில்லிமீட்டர், எட்டு எம்.எம். போல்ட் அதன் இரட்டைப் பிள்ளை போலவே இருக்கும். முன்னதின் மரை இடைவெளி 1.41, பின்னதினது 1.25. குமாரபாளையம், பள்ளிபாளையத்து விசைத்தறிகள் லங்காஷயர் மாதிரியில் வார்த்தவை, ஆகவே அங்குலம். தறி வேலையும் டாட்டா வேலையும் ஒரே மேஜையில் நடக்கும் பட்டறையில் ரெண்டு டேப்பும் ஒரே டப்பாவில் கிடந்தால் என்ன ஆகும்?

லேத்துக்கும் அதே அவதி. பட்டாலா லேத்தோ ராஜ்கோட் லேத்தோ, லீட் ஸ்க்ரூ அங்குலம்தான். அதில் மெட்ரிக் மரை வெட்ட 127 பல் சக்கரம் வேண்டும், ஏனென்றால் 5 அங்குலம் சரியாக 127 மில்லிமீட்டர். அந்தப் பெரிய சக்கரம் இல்லாதவர்கள் 63 பல் சக்கரத்தைப் போட்டுச் சமாளித்தார்கள். பிசகு பத்தாயிரத்தில் ஒன்று சொச்சம்தான். சின்ன போல்ட்டுக்குத் தெரியாது.

ஒடிந்தால் அந்தப் பாகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாமே என்று இன்றைய பையன்கள் கேட்பார்கள். அந்தக் காலத்தில் எஞ்சின் பிளாக்குக்கு எழுதிப் போட்டால் எப்போது வரும் என்று கம்பெனிக்காரனுக்கே தெரியாது. புது லாரிக்கே பெயர் பதிந்து காத்திருந்த காலம். அதுவரை வண்டி நிற்கும், பைனான்ஸ் வட்டி நிற்காது. எடுக்கும் கலை இங்கே வளர்ந்ததற்கு எங்கள் கைத்திறன் காரணம் என்று பெருமை பேசுவார்கள். பாகம் கிடைக்காத பஞ்சம்தான் காரணம் என்பேன் நான்.

எங்கள் மேஸ்திரி அவசரப்படவே மாட்டார். ஹெட் ஸ்டட் துளையில் ஒடிந்த டேப்போடு பிளாக் வந்து இறங்கும். லாரிக்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “ஏனுங்க மேஸ்திரி, இன்னைக்கு லோடு ஏத்திரலாமுங்களா?” என்பார். “பிளாக்கு பொழைக்கட்டுமுங்க, லோடப் பத்தி அப்பறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டு மண்ணெண்ணெயைத் துளையில் ஊற்றுவார். முதல் வேலை சுருளை வெளியே எடுப்பது. காந்தம் வைத்த ஊசியால் ஒவ்வொன்றாக இழுப்பார். அப்புறம் மழுங்கிய சின்ன உளியைப் பள்ளத்தின் ஓரத்தில் வைத்து, இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு. கழற்றும் திசையில் மட்டும் அடித்தால் நொறுங்கும். முன்னும் பின்னும் அசைத்தால்தான் பிடி விடும். அது நடக்காவிட்டால் குடைக் கம்பியை வெட்டி, டேப்பின் பள்ளங்களில் ஒவ்வொன்றாக இறக்கி, மேலே ஒரு வளையத்தால் பிடித்துத் திருப்புவார். இதையே அமெரிக்காவில் வால்டன் என்ற கம்பெனி கருவியாகச் செய்து விற்கிறது என்று பின்னால் ஒரு கேட்லாகில் பார்த்தேன். எங்கள் மேஸ்திரிக்கு இங்கிலீஷும் தெரியாது, கேட்லாகும் தெரியாது.

பாகம் சின்னதாக இருந்தால் இன்னொரு வழி. அப்படியே உலையில் போட்டுச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து விடியும்வரை ஆறவிடுவார். காலையில் டேப் இளகியிருக்கும். நடுவில் டிரில் போட்டு எடுத்துவிடலாம். இது கார்பன் எஃகு டேப்புக்குத்தான் செல்லும். ஹைஸ்பீடு டேப்புகள் வந்ததும் அந்தச் சாம்பல் வித்தை செத்தது.

இந்தக் கருவி எஃகின் கதையில் எங்கள் பழைய சேலம் ஜில்லாவுக்கும் ஒரு பங்கு உண்டு. சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகப் பிரதிநிதியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் வேலையை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். தாது சேலத்திலிருந்து போனது. பிறகு இங்கிலாந்து திரும்பி, உருக்கும்போது மாங்கனீசு சேர்த்து நல்ல கருவி எஃகு செய்யும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் முறையை எடுத்துக்கொண்டார்கள்; பணம் தரவில்லை. கோர்ட்டு கோர்ட்டாக அலைந்தே மனுஷர் போய்ச் சேர்ந்தார். 1868இல் ராபர்ட் முஷெட் டங்ஸ்டன் சேர்த்தார். நூற்றாண்டு முடியும் தறுவாயில் அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் டெய்லரும் ஒயிட்டும் செஞ்சூட்டிலும் கூர் போகாத ஹைஸ்பீடு எஃகைக் கண்டார்கள்: டங்ஸ்டன் 18, குரோமியம் 4, வனேடியம் 1 சதவீதம் என்பது அதன் பிரபலமான சேர்மானம். சென்னை அடிசன் டேப்பாக அது எங்கள் டப்பாவுக்கு வந்தது. கேஸ் நாசிலால் சிவக்கவைத்தாலும் ஆறியதும் பழைய குணம் திரும்பிவிடும். இளக்க வேண்டுமானால் 850 டிகிரிக்கு மேல் ஏற்றி, சூளைக்குள்ளேயே மணிக்கணக்கில் ஆறவிட வேண்டும். லாரி பிளாக்கை அப்படிச் செய்தால் டேப் வரும், பிளாக் கோணிவிடும்.

அப்போது கைகொடுத்தது வெல்டிங். ஒடிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளை வழியே ராடை இறக்கி ஒட்டி, ஆறும்போது ரெஞ்ச் போட்டு மெல்ல அசைப்பது. சூட்டில் விரிந்து ஆறுகையில் சுருங்குவதால் பிடி தளரும். போல்ட்டும் ஸ்டட்டும் இதில் லட்டு மாதிரி வரும். டேப் பத்துக்கு நாலுதான், நொறுங்குகிற ஜாதி.

கடைசியாகத்தான் தீப்பொறி வந்தது. சோவியத் நாட்டில் லசரென்கோ தம்பதி, ஸ்விட்ச் முனைகள் பொறி பட்டு அரிப்பதைத் தடுக்கப் பார்த்து, தடுக்க முடியாமல், 1943இல் அந்த அரிப்பையே வெட்டும் முறையாக மாற்றினார்கள். அதே போர்க்காலத்தில் அமெரிக்காவில் ஸ்டார்க், ஹார்டிங், பீவர் என்ற மூவர் பொறி இயந்திரம் செய்தது எதற்கு என்றால், அலுமினிய வால்வுகளுக்குள் ஒடிந்த டேப்பையும் டிரில்லையும் எடுக்கத்தான்! உலகத்து அச்சுப் பட்டறைகளெல்லாம் இன்று நம்பியிருக்கும் தொழிலுக்கு எங்கள் தலைவலியும் ஒரு தாய். பித்தளைக் கம்பியை டேப்பின் நடுவே இறக்கி, எண்ணெயில் நனைத்துக் கரண்ட் கொடுத்தால் பொறிப்பொறியாக நடுப்பகுதி தின்னப்படும். மிச்சமிருக்கும் மூன்று நான்கு சிம்புகளை ஊசியால் கிளறி எடுக்கலாம். எவ்வளவு கடினம் என்று அது கேட்பதில்லை. மரைக்கும் சேதமில்லை. என் மகன் ஃபோனிலேயே பேசி, பாகத்தைக் கோயம்புத்தூர் அனுப்பிவிடுவான்.

அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் மட்டும் இன்னும் மலிவான ஒரு வழி இருக்கிறது. கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் வெகுகாலமாகச் செய்வது. படிகாரத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து, பாகத்தைப் போட்டுக் கொதிக்க விட்டால் சாதாரண எஃகைக் கரைத்துவிடும், பித்தளையைத் தொடாது. நாளாகும். வார்ப்பிரும்பில் செய்யக் கூடாது, பாகமும் சேர்ந்து கரையும். ஹைஸ்பீடு டேப்புக்குப் பெரிதாக வேலைக்காகாது.

போர்வெல் போடும் திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் தலைகீழ். போர்வெல்லில் ராடு முறிந்து உள்ளே விழுந்தால், கூம்பு வடிவ டேப் ஒன்றை இறக்கி, முறிந்த ராடின் வாயிலேயே மரை வெட்டிக் கவ்விக்கொண்டு மேலே இழுப்பார்கள். நாங்கள் எதை எடுக்கத் தவித்தோமோ, அது அங்கே எடுக்கும் கை. பல நூறு அடி ஆழத்தில் அந்த டேப்பும் ஒடிந்தால்? மண்ணுக்குப் பிளாக் விலை கிடையாது. தோட்டத்துக்காரரிடம் பேசி முடித்து, ரிக்கைச் சற்றுத் தள்ளி நிறுத்திப் புதுத்துளை போடுவார்கள்.