பொன்னும் நிலமும்

சிம்பாங் அம்பாட் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர், மிச்சம் பிடித்த காசைப் பொன்னாக்கினர். அதனை ஆடம்பரம் எனப் பழித்தோர் உண்டு. பொருளியல் கண்கொண்டு நோக்கின் உண்மை வேறு. குடியிருந்த வீடு தோட்டத்துக்குரியது. வேலை போனால் வீடும் போகும். நகையோ உடன்வரும், அடகுக்கடையில் அன்றே பணமாகும்.

1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது அவ்வச்சம் மெய்யாயிற்று. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் தவணை முறையில் பங்குப்பணம் செலுத்தினர். கெடாவின் புக்கிட் சிடிம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று.

பொன்னை நம்பியோர் பங்கை நம்பியது ஏன்? தோட்டம் சிதறாது நின்றால் வேலையும் வீடும் நிற்கும். எளியோர் செயலைப் பழிக்குமுன் அவர்தம் கணக்கை அறிதல் நம் கடன்.