காட்டை வெட்டினால் காய்ச்சல் போகுமா?

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு முன்பு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1901இல் அது திறந்த கையோடு மலேரியா வந்து வேலையாட்களைப் படுக்க வைத்தது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றில் கண்டு அப்போது நாலே வருடம்தான் ஆகியிருந்தது.

கிள்ளானின் அரசு மருத்துவர் மால்கம் வாட்சன் அந்தக் கண்டுபிடிப்பை நம்பினார். சதுப்புக் காட்டை வெட்டச் சொன்னார், வாய்க்கால் தோண்டித் தண்ணீரை வடித்தார். 1901இல் மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 610 பேர். 1905இல் வெறும் 23 பேர்!

அடுத்து வந்தது ரப்பர். 1910இல் அதன் விலை உச்சத்துக்குப் போக, தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றினார்கள். கடலோரத் தோட்டங்களில் வாட்சனின் வழி நன்றாகவே பலித்தது. காட்டை வெட்டி நீரை வடித்ததும் சில வருடங்களில் காய்ச்சல் குறைந்துவிட்டது.

அதையே மலைப்பக்கத் தோட்டங்களில் செய்தபோதுதான் சிக்கல். காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது!

காரணம் கொசுதான், ஆனால் வேறு கொசு. கடலோரத்தில் இருந்தது அனாபிலஸ் அம்புரோசஸ். காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது அதன் வழக்கம்; நிழலும் நீரும் போனால் அதுவும் போய்விடும். மலையில் இருந்ததோ அனாபிலஸ் மாக்குலேட்டஸ். அதற்கு வேண்டியது வெயில் படும் தெளிந்த ஊற்றும் ஓடையும். அடர்ந்த காடு இருந்தவரை ஓடைகள் இருட்டில் கிடந்தன, அந்தக் கொசுவுக்கு அங்கே வேலை இல்லை. மரத்தை வெட்டி வெளிச்சத்தை உள்ளே விட்டது மனிதன்தான். கொடுமை என்னவென்றால், கோடரி பிடித்தவனும் கடி வாங்கியவனும் ஒரே தொழிலாளி. லாபம் மட்டும் லண்டன் பங்குதாரருக்கு.

சேற்றைப் பார்த்துப் பயந்தவர்கள் தெளிந்த நீரைச் சந்தேகிக்கவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

வாட்சன் தன் வழியை மாற்றிக்கொண்டார். மலையிடுக்கு ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடவிட்டார். மேலே தண்ணீர் இல்லை, முட்டையிட இடமும் இல்லை. ஆனால் குழாய்க்குச் செலவு அதிகம். தோட்டக் கணக்கில் முதல் வருடமே பெரிய தொகையாக நிற்கும். மிச்சமாகும் உயிர்களுக்கு அந்தக் கணக்கில் தனிப் பத்தி கிடையாது. அதனால் 1914 வாக்கில் ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் முறையும் சேர்ந்தது. புழு மூச்சுவிட மேலே வரும்போது எண்ணெய்ப் படலம் அதைக் கொன்றுவிடும். குழாயை ஒருமுறை பதித்தால் போதும். எண்ணெயோ ஓடும் தண்ணீரில் கரைசேர்ந்து போய்விடும், திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். எண்ணெயைச் சுமந்து ஓடை ஓடையாக இறங்கியதும் தோட்டத் தொழிலாளிகள்தான்.