‘தொடரும்’ போடத் தெரியாத மொழி

1975-ல் பெல் லேப்ஸிலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் சோர்ஸ் கோடில் ஒரு கமென்ட் வரி இருக்கிறது. கம்ப்யூட்டர் உலகத்தில் அதைவிடப் பிரபலமான கமென்ட் இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்தான். டி-ஷர்ட்டில்கூட ஏறிவிட்டது. ‘இது உங்களுக்குப் புரியும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை’ என்பது அதன் சாரம். அந்தக் கோடை எழுதியவர்களில் ஒருவர் டென்னிஸ் ரிட்சி. சி மொழியைப் படைத்தவர்.

படித்தவர்கள் இதைத் திமிர் என்றே எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு ரிட்சி விளக்கம் கொடுத்தார். ‘இது பரீட்சைக்கு வராது’ என்று வாத்தியார் சொல்வாரே, அந்த அர்த்தத்தில் எழுதியதுதானாம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மனுஷன் நேர்மையானவர். அந்த இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது எங்களுக்கே அப்போது சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

சி-யைப் பெற்றவருக்கே சி-யில் பிடிபடாமல் போன சமாசாரம் எது? ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தி, இன்னொன்றைக் கவனித்துவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வது. அவ்வளவுதான். நீங்களும் நானும் தினம் நூறு தடவை செய்வது.

கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். சாதாரண சப்ரூட்டீன் ஒரு சிறுகதை. எப்போது பிரித்தாலும் முதல் வரியில் ஆரம்பித்து ‘முற்றும்’ வரை போய் முடியும். அடுத்த தடவை பிரித்தால் மறுபடி முதல் வரி. தொடர்கதை வேறு ஜாதி. கதாநாயகி கிணற்றடியில் நிற்கும்போது ‘தொடரும்’ போட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் அதே கிணற்றடியிலிருந்து கதை கிளம்பும். இந்தத் தொடர்கதை ஜாதி புரோகிராமுக்குத்தான் கோரூட்டீன் என்று பெயர்.

பெயர் வைத்தவர் மெல்வின் கான்வே, 1958-ல். ஒரு அலுவலகம் எப்படிப் பிரிந்து கிடக்கிறதோ அதே மாதிரிதான் அது உருவாக்கும் சிஸ்டமும் பிரிந்து கிடக்கும் என்று 1968-ல் ஒரு விதி சொன்னாரே, அதே கான்வே. கோரூட்டீனைப் பற்றி 1963-ல் அவர் எழுதிய கட்டுரை, கோபால் மொழிக்கு ஒரு கம்பைலர் அமைப்பது எப்படி என்பதைப் பற்றியது.

அன்றைய கம்பைலர்களின் பாடு டேப்பும் கையுமாக இருந்தது. முதல் கட்டம் எழுத்துக்களைப் படித்து வார்த்தைகளாகக் கோத்து காந்த டேப்பில் எழுதும். டேப்பைச் சுற்றித் திரும்ப வைத்தால் இரண்டாம் கட்டம் அதைப் படித்து வாக்கியங்களாக்கி இன்னொரு டேப்பில் எழுதும். கான்வே கேட்டது: நடுவில் டேப் எதற்கு? முதல் ஆள் ஒரு வார்த்தை கோத்ததும் நின்றுகொள்ளட்டும். இரண்டாம் ஆள் அதை வாங்கி வேலை பார்க்கட்டும். அடுத்த வார்த்தை தேவைப்பட்டதும் அவன் நின்றுகொள்ள, முதல் ஆள் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். இதில் முதலாளி, தொழிலாளி கிடையாது. ஒவ்வொருவரும் தன்னை மெயின் புரோகிராம் என்றே நினைத்துக்கொண்டு எழுதப்பட்டவர்கள். மெமரி போதாத சின்ன மிஷினா? அதே ஆட்களுக்கு நடுவில் டேப்பைச் செருகிக்கொள்ளலாம். அவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

1968-ல் வந்த டொனால்ட் க்னூத்தின் புகழ்பெற்ற முதல் வால்யூமில் கோரூட்டீனுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. நார்வேயில் பிறந்த சிமுலா 67 மொழி இதை உள்ளேயே வைத்துக்கொண்டது. 1972 வாக்கில் வடிவம் பெற்ற சி மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

காரணம், ஸ்டாக். கல்யாண வீட்டில் அடுக்கிய தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அதன் கணக்கு வழக்கெல்லாம் ஒரு தட்டில் வைத்து மேலே அடுக்கப்படும். அது இன்னொன்றைக் கூப்பிட்டால் அதன் மேல் இன்னொரு தட்டு. வேலை முடிந்தால் மேல் தட்டை எடுத்துவிடலாம். சிக்கனம், வேகம், சுத்தம். ஆனால் ‘நான் பாதியில் நிற்கிறேன், என் தட்டை அப்படியே வை’ என்று எவனாவது சொன்னால் அடுக்கு குலைந்துவிடும். பாதியில் நிற்பவனுக்குத் தனி அடுக்கு வேண்டும். ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். அதற்கு சி-யில் வார்த்தை இல்லை. இன்னும் ஒரு விசேஷம்: சி மொழியின் அதிகாரபூர்வ ஸ்டாண்டர்டில் ஸ்டாக் என்ற சொல்லே கிடையாது. இல்லாத ஒன்றை எப்படி மாற்றுவீர்கள்?

ரிட்சி குழு யூனிக்ஸில் ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ இதைத்தான் செய்தார்கள். ஒரு ஃபங்ஷன் தன் ஸ்டாக் இருக்கும் இடத்தைக் குறித்துவைக்கும். பிறகு வேறொரு ஃபங்ஷன் அந்த ஸ்டாக்குக்குத் தாவி ரிட்டர்ன் ஆகும். அதாவது, நுழைந்தவன் ஒருவன், வெளியேறுகிறவன் வேறொருவன். பிடிபி-11 மிஷினின் கம்பைலர் எல்லா ஃபங்ஷனுக்கும் ஒரே மாதிரிக் கதவு வைத்திருந்ததால் யார் எதன் வழியாக வெளியேறினாலும் ஒன்றும் ஆகவில்லை. பிற்பாடு யூனிக்ஸை இன்டர்டேட்டா என்ற வேறு மிஷினுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கம்பைலர், எந்தெந்த ரெஜிஸ்டர்களைச் சேமித்ததோ அதற்குத் தகுந்தாற்போல் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் வெவ்வேறு கதவு வைத்தது. கதை கந்தல். இத்தனை வருஷம் ஓடியது சரியாக எழுதியதால் அல்ல, அந்த மிஷினில் எழுதியதால்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. 1979-ன் ஏழாம் பதிப்புக்குள் அந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டார்கள்.

அதே ஏழாம் பதிப்பில் பொதுமக்களுக்கும் இரண்டு ஃபங்ஷன்கள் கிடைத்தன. செட்ஜம்ப், லாங்ஜம்ப். முன்னது இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளும். பின்னது அங்கே தாவும். ஆனால் கீழே இருக்கும் தட்டுக்குத்தான் தாவலாம். எடுத்துப்போட்ட தட்டுக்குத் தாவினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டாண்டர்ட் உத்தரவாதம் தராது. பாதி சாவி.

முழுச் சாவி ஒன்று யூனிக்ஸ் கம்பெனிகளிடம் இருந்தது. மேக்கான்டெக்ஸ்ட், ஸ்வாப்கான்டெக்ஸ்ட் என்ற ஃபங்ஷன்கள். ‘இந்தா தனி ஸ்டாக், இந்தா ஃபங்ஷன், ஓட்டு’ என்று நேராகவே கேட்கலாம். யூனிக்ஸ்களுக்கான பொது விதியான பாசிக்ஸின் 2001 பதிப்பில் இவை இருந்தன. 2008 பதிப்பில் தூக்கிவிட்டார்கள். ஏன்? மேக்கான்டெக்ஸ்ட் அறிவிக்கப்பட்டிருந்த விதத்தில் ஒரு வெற்று அடைப்புக்குறி இருந்தது. ‘உள்ளே என்ன வருமோ, வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிற பழைய சி வழக்கம். அதை சி ஸ்டாண்டர்ட் 1989-லேயே ஒழியவேண்டிய வழக்கம் என்று குறித்துவிட்டது. போதாததற்கு, புது ஃபங்ஷனுக்கு முழு எண்களை மட்டும்தான் அனுப்பலாம். 64 பிட் மிஷினில் ஒரு விலாசம் எட்டு பைட். முழு எண் நாலு பைட். கொள்ளாது. வேண்டுமானால் த்ரெட் உபயோகித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இலக்கணப் பிழைக்காகக் கவிஞரையே ஊரைவிட்டு அனுப்பிய மாதிரிதான் எனக்குப் படுகிறது. வரியைத் திருத்தி எழுதியிருக்கலாம். த்ரெட் இதற்கு ஈடும் ஆகாது. த்ரெட்டை ஆபரேட்டிங் சிஸ்டம் எப்போது வேண்டுமானாலும் பிடித்து நிறுத்தும். கோரூட்டீன் தானாக விட்டுக்கொடுக்கும்.

ஆக, எல்லா மிஷினிலும் ஓடும் கோரூட்டீன் வேண்டுமென்றால் கொல்லைப்புறம்தான் வழி. அந்த வழிகளில் ஒரு திருட்டுக் கதைக்குரிய சுவாரஸ்யம் உள்ளது, ஜெர்மன்காரர் ரால்ஃப் எங்கல்ஷால் 2000-ல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் விவரித்தது. அப்பாச்சி வெப் சர்வருக்கு மாட்-ரீரைட் எழுதியவர். விதவிதமான யூனிக்ஸ்களிலும் ஓடும்படி பிடிஎச் என்ற த்ரெட் லைப்ரரி செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு மிஷினுக்கும் அசெம்பிளி எழுதி மாளாது.

யூனிக்ஸில் சிக்னல் என்று ஒன்று உண்டு. அவசரத் தந்தி மாதிரி. வந்தால் போட்டதைப் போட்டபடி அதற்கென்று எழுதிவைத்த ஃபங்ஷன் ஓடும். ஸ்டாக்கே நிரம்பி வழிந்த சமயத்தில் தந்தி வந்தால் அந்த ஃபங்ஷன் ஓட இடம் ஏது? அதற்காக ‘சிக்னல் வந்தால் இந்தத் தனி ஸ்டாக்கில் ஓட்டு’ என்று முன்கூட்டியே சொல்லிவைக்க ஒரு வசதி கொடுத்திருந்தார்கள். எங்கல்ஷால் அதைப் பிடித்துக்கொண்டார். புதிய ஸ்டாக்கை ‘அவசர ஸ்டாக்’ என்று பதிவு செய்கிறார். தனக்குத் தானே ஒரு தந்தி அடித்துக்கொள்கிறார். ஆபரேட்டிங் சிஸ்டம் பதறிப்போய் அவரைப் புதிய ஸ்டாக்கில் இறக்கிவிடுகிறது. இறங்கியதும் செட்ஜம்ப்பால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர்போல் வெளியே வந்துவிடுகிறார். சிஸ்டத்தைப் பொறுத்தவரை அவசரம் தீர்ந்தது. அப்புறம் சாவகாசமாக லாங்ஜம்ப் போட்டு அந்த ஸ்டாக்குக்குத் திரும்பி, அங்கேயே குடித்தனம். அசெம்பிளி ஒரு வரி இல்லை. விதிப்படி சரியா என்று கேட்டால், திரும்பிப் போய்விட்ட ஃபங்ஷனுக்குள் தாவுவது சரியில்லைதான். ஆனால் அவர் பார்த்த யூனிக்ஸ்களில் ஓடியது.

அதே 2000-ல் இங்கிலாந்தில் சைமன் டாதம் முற்றிலும் வேறு வழி சொன்னார். புட்டி என்ற எஸ்எஸ்எச் புரோகிராமை எழுதியவர். உங்கள் ஆபீஸில் யாராவது கறுப்புத் திரையில் சர்வருக்குள் நுழைகிறார் என்றால் அநேகமாக அதன் வழியாகத்தான். டாதமின் வழியில் ஸ்டாக்கே வேண்டாம். நம் பத்திரிகைகளில் ‘முன்கதைச் சுருக்கம்’ போடுவார்களே, அது போதும் என்றார். நிறுத்தும்போது எந்த வரியில் நிறுத்தினோம் என்ற எண்ணை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு முறையாக ரிட்டர்ன் ஆகிவிடு. மறுபடி கூப்பிட்டால் ஃபங்ஷனின் தலைவாசலில் ஒரு ஸ்விட்ச், எண்ணைப் பார்த்து நேரே அந்த வரிக்கு எகிறும்.

ஸ்விட்சின் கேஸ்களை ஒரு லூப்பின் நடுவயிற்றில்கூட வைக்க சி அனுமதிக்கிறது என்பதுதான் சூட்சுமம். லூகாஸ் ஃபிலிம் கம்பெனியில் டாம் டஃப் 1983-ல், படத் தகவலை வேகமாகக் காப்பியடிக்க இந்த வினோதத்தை உபயோகித்திருந்தார். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். டஃபுக்கே அதில் பெருமையும் அருவருப்பும் சேர்ந்தே இருந்தன. டாதமின் வழி நூறு சதவீதம் சட்டப்படியானது. எந்தக் கம்பைலரும் குறை சொல்ல முடியாது. விலையும் உண்டு. முன்கதைச் சுருக்கத்தில் கிணற்றடி மட்டும்தான் இருக்கும். நாயகி கையில் என்ன வைத்திருந்தாள் என்பது மறந்துபோகும். ஃபங்ஷனின் சொந்த வேரியபிள்கள் நிறுத்தும்போது அழிந்துவிடும். வேறெங்காவது பத்திரப்படுத்த வேண்டும். அது கூப்பிட்ட இன்னொரு ஃபங்ஷனின் உள்ளிருந்து நிறுத்தவும் முடியாது.

ஸ்வீடனில் ஆடம் டங்கல்ஸுக்கு அந்த விலை மலிவாகப் பட்டது. பத்து கிலோபைட் மெமரி உள்ள சென்சார் சில்லுகளுக்கு கான்டிகி என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் செய்தவர். தனி ஸ்டாக்கெல்லாம் கட்டுப்படியாகாது. 2005 வாக்கில் அவர் வெளியிட்ட புரோட்டோத்ரெட், ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்கொள்வது இரண்டே பைட். வரி எண்ணை எழுதிவைக்கும் இடம்.

மூன்றாவது வழி, நேர்வழி: அசெம்பிளி. லிப்கோ என்று ஒரு குட்டி லைப்ரரி. பையூ என்ற புனைபெயரில் இயங்கியவர், சூப்பர் நின்டென்டோ விளையாட்டு மிஷினை அப்படியே கம்ப்யூட்டரில் போலி செய்யும் பிஸ்னெஸ் என்ற எமுலேட்டருக்காக எழுதியது. அந்த மிஷினுக்குள் மெயின் ப்ராசஸர் ஒன்று, சத்தத்துக்கென்று ஒன்று, படத்துக்கென்று சில்லுகள், எல்லாம் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. ஒவ்வொன்றையும் தன்பாட்டுக்கு ஓடும் புரோகிராமாக எழுதி, வினாடிக்குப் பல லட்சம் தடவை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினார். கான்வேயின் கோபால் கம்பைலரில் இருந்த அதே சமத்துவம்தான்.

லிப்கோவில் முக்கியமான ஃபங்ஷன்கள் நாலே நாலு. நான் யார், ஒன்றை உண்டாக்கு, ஒன்றை ஒழி, அதற்குத் தாவு. தாவும் வேலைக்கு 64 பிட் இன்டெல்லில், லினக்ஸ் வழக்கப்படி, ஆறு ரெஜிஸ்டர்களையும் ஸ்டாக் இருக்கும் இடத்தையும் மாற்றினால் போதும். அந்த மெஷின் கோடை வெறும் எண்களாக ஓர் அர்ரேயில் எழுதி, அந்த அர்ரேயையே ஃபங்ஷனாகக் கூப்பிடுகிறார். அசெம்ப்ளர்கூடத் தேவையில்லை. தெரியாத ப்ராசஸராக இருந்தால் மேலே சொன்ன தந்தி வித்தை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். க்யூஎமு என்ற பிரபல எமுலேட்டர் 2011-லிருந்து கோரூட்டீன் உபயோகிக்கிறது. விதியிலிருந்து தூக்கப்பட்ட அதே மேக்கான்டெக்ஸ்ட்டை வைத்துத்தான். எட்டு பைட் விலாசத்தை நாலு நாலாக வெட்டி இரண்டு முழு எண்களாக அனுப்பி அந்தப் பக்கம் ஒட்டவைக்கிறார்கள். லாங்ஜம்ப் விதி மீறித் தாவினால் பிடித்துவிடும் ஒரு பாதுகாப்புச் சோதனை லினக்ஸ் லைப்ரரியில் வந்துவிட்டதால், அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். 2021-ல் பிஎச்பி 8.1 தன் மொழிக்குள் ஃபைபர் என்று கோரூட்டீன் கொண்டுவந்தது. அடியில் மிஷினுக்கு மிஷின் தனித்தனி அசெம்பிளி. அது இல்லாத இடத்தில், மறுபடி மேக்கான்டெக்ஸ்ட்.

2020-ல் வந்த பதினோராம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர்களில் ஷேடோ ஸ்டாக் என்று ஒன்று சேர்ந்தது. ஒவ்வொரு ஃபங்ஷனும் எங்கே திரும்ப வேண்டும் என்பதை ப்ராசஸரே ரகசியமாக இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ரிட்டர்ன் ஆகும்போது இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் புரோகிராம் அதே இடத்தில் காலி. ஹேக்கர்கள் ஸ்டாக்கில் கைவைப்பதைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் கண்ணுக்கு ஹேக்கரும் ஒன்று, ஸ்டாக் மாற்றும் கோரூட்டீன் லைப்ரரியும் ஒன்று. இந்தக் காவல் போட்டிருக்கும் சிஸ்டத்தில் ஓட வேண்டுமானால், அப்படியொரு லைப்ரரி எழுத உட்காருகிறவர் ரெஜிஸ்டர்களோடு அந்த நிழல் ஸ்டாக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதற்கும் சி-யில் வார்த்தை கிடையாது.