ஃபுஸ்தாத் நகரத்து ஹகீம்

பாரசீகக் கவிஞரும் பயணியுமான நாஸிர் குஸ்ரவ் 1047ஆம் ஆண்டு மிஸ்ர் நாட்டை வந்தடைந்தார். அது பாத்திமிய கலீபாக்களின் ஆட்சிக்காலம். அரண்மனைகள் நிறைந்த காஹிரா ஒருபுறம். அதற்குத் தெற்கே நைல் நதிக்கரையில் வணிகரும் கைவினைஞரும் நெருங்கி வாழ்ந்த ஃபுஸ்தாத் மறுபுறம். ஹஸரத் அம்ரிப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் 641ஆம் ஆண்டை ஒட்டி அமைத்த பாளையமே வளர்ந்து ஃபுஸ்தாத் ஆகியிருந்தது. அந்நகரின் அங்காடியில் ஒரே நாளில் தாம் கண்ட காய்கனிகளையும் மலர்களையும் நாஸிர் தம் பயண நூலில் வரிசையாகக் குறித்து வைத்துள்ளார். ரோஜா, மல்லிகை, ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, வாழைப்பழம், பேரீச்சம் பழம், கரும்பு, கத்தரிக்காய், சுரைக்காய், முள்ளங்கி, வெள்ளரி, வெங்காயம், பூண்டு என்று அப்பட்டியல் நீண்டு செல்கிறது. வெவ்வேறு பருவங்களில் விளைவன எவ்வாறு ஒரே நாளில் கிடைத்தன என்று படிப்பவர் ஐயுறுவர் என அவரே எண்ணி, அதற்கும் விளக்கம் தருகிறார். ஏழாம் மாடியின் மேல் ஒருவர் தோட்டம் வைத்திருந்ததையும், அங்கே கன்றாகக் கொண்டு சென்று வளர்த்த எருது நீரிறைத்ததையும் அவர் கூறும்போது நமக்கு அந்த மாடியில் ஏறிப் பார்க்க ஆசை பிறக்கிறது.

மற்றொரு செய்தியையும் அவர் எழுதியுள்ளார். மளிகை விற்போரும் மருந்துச் சரக்கு விற்போரும், பொருளை எடுத்துச் செல்வதற்கான கண்ணாடிக் குப்பியையும் மண்பாண்டத்தையும் காகிதத்தையும் தாமே கொடுத்துவிடுவராம். வாங்குபவர் வீட்டிலிருந்து பாத்திரம் எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. எண்ணெய்க்குப் போத்தலும் மீனுக்கு ஓலைக்கொட்டானும் கொண்டு கடைக்குச் சென்ற தலைமுறையினர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்கள் இதனைக் கேட்டால் வியப்பர். நமக்கோ வியப்பினும் ஐயமே மிகுந்தது. அந்தக் குப்பிகளும் ஓடுகளும் காகிதங்களும் பின்னர் எங்கே போயின?

இதற்கு விடை கூறக்கூடிய ஒருவர் அதே நாளில் அதே நகரத்தில் வாழ்ந்திருந்தார். அவரே ஹகீம் அலீ இப்னு ரிள்வான்.

அவர் 998ஆம் ஆண்டு, நைல் நதியின் மறுகரையிலுள்ள ஜீஸாவில், ரொட்டி சுடும் ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். ஆறாம் வயதில் கல்வியைத் தொடங்கினார். பத்தாம் வயதில் தலைநகரம் வந்தார். பதினான்காம் வயதில் மருத்துவமும் தத்துவமும் படிக்கலானார். ஆசிரியருக்குக் கொடுக்கப் பொருளில்லை. சோதிடம் பார்த்துக் கிடைத்த காசில் வயிற்றைக் கழுவிக்கொண்டு, நூல்களையே ஆசிரியராகக் கொண்டு கற்றார். பிற்காலத்தில் மிஸ்ர் நாட்டு மருத்துவர்களுக்குத் தலைவராகவும் உயர்ந்தார். முதுமையை நெருங்கிய காலத்தில் அவர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பை 13ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ காப்பாற்றித் தந்துள்ளார். நாள்தோறும் தம் தொழிலின் நிமித்தம் நடந்து திரிந்து உடலுக்கு உழைப்புத் தருதல், பின்னர் ஓய்வு, உடல்நலத்தைக் காப்பதே நோக்கமாகக் கொண்ட உணவு, தூய உடை, நல்ல மணம், உறங்குமுன் அன்றைய செயல்களை எண்ணிப் பார்த்தல் என்று தம் வாழ்க்கை முறையை அதில் அவர் விவரிக்கிறார். கடையில் வாங்கித் தீரவேண்டிய பண்டம் எதுவும் இதில் இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அவருடைய நூல்களுள் நம் கருத்தைக் கவர்வது, மிஸ்ர் நாட்டில் உடலுக்கு நேரும் கேடுகளைத் தடுப்பது பற்றியது. அது பிறந்த கதையும் சுவையானது. கைரவான் நகரத்து மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார், மிஸ்ர் நோய் மிகுந்த நாடு என்று ஒரு நூல் எழுதியிருந்தார். அவர் மிஸ்ரைக் கண்ணால் கண்டவரல்லர். காணாத ஊரைப் பற்றித் தீர்ப்புரைக்கலாமா என்று இப்னு ரிள்வானுக்குச் சினம் மூண்டது. ஒரு நாட்டில் பிறந்து அதன் நீரையும் உணவையும் உண்டு வளர்ந்த உடல் அவற்றிற்குப் பழகிவிடும். ஆகவே அயலார் தம் அளவுகோலால் அளப்பது பிழை என்று அவர் வாதிட்டார்.

ஊர்ப்பற்று மிக்க ஒருவர் இவ்விடத்தில் நிறுத்தியிருப்பார். இப்னு ரிள்வான் நிறுத்தவில்லை. நாட்டுக்காக வாதாடிய அதே எழுதுகோலால், தாம் வாழ்ந்த ஃபுஸ்தாத்தின் அழுக்கை அயலார் எவரும் எழுதாத அளவுக்கு எழுதினார். தெருக்கள் குறுகியவை, கட்டடங்கள் உயர்ந்தவை, கிழக்கே முகத்தம் மலை காற்றை மறிக்கிறது. வீட்டில் செத்த பூனையையும் நாயையும் மக்கள் சந்தில் எறிகின்றனர். அவை அங்கேயே அழுகிக் காற்றில் கலக்கின்றன. விலங்குகளின் கழிவும் சாக்கடையும் நைலில் சேர்கின்றன; அந்த நீரையே மக்கள் மொண்டு குடிக்கின்றனர். ஹம்மாம்களின் அடுப்புப் புகை நகரின் மேல் கவிகிறது. தூய ஆடை உடுத்தி ஒருநாள் வெளியே சென்று திரும்பினால் ஆடையிலும் தாடியிலும் புழுதி படிகிறது.

நாஸிர் விருந்தினர், அங்காடியின் முகப்பைக் கண்டார். இப்னு ரிள்வான் நோயாளியின் வீட்டுக்குப் போகிறவர்; ஆகவே கொல்லைப்புறத்தைக் கண்டார். இருவர் கூறியதும் உண்மையே. புதிய காய்கறி கூடை கூடையாக வந்திறங்கிய அதே நகரில்தான் அதன் தோலும் காம்பும் தெருவில் அழுகின.

அழுகிய நாற்றமே நோயைப் பரப்புகிறது என்பது அக்கால மருத்துவரின் கொள்கை. கிருமிகளைப் பற்றி உலகம் தெளிய 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணத்தைத் தவறாகக் கொண்டபோதும் அவர்கள் கூறிய பரிகாரங்கள் பல சரியாகவே அமைந்துவிட்டன. நீரோட்டம் வேகமாயுள்ள இடத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும். அதனைக் காய்ச்சி வடிகட்ட வேண்டும். கலங்கலாக இருந்தால் ஆப்ரிகாட் கொட்டையின் பருப்பையோ படிகாரத்தையோ இட்டுத் தெளிய வைக்க வேண்டும் என்கிறார் இப்னு ரிள்வான். நம் ஊர்களில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்து நீரைத் தெளியவைத்த வழக்கம் நினைவுக்கு வருகிறது. அறைகள் விசாலமாக, உள்ளே தேங்கும் ஆவி வெளியேறவும் வெயில் நுழையவும் இடம்விட்டு இருத்தல் வேண்டும் என்றும் அவர் கூறுகிறார். சாளரத்தை மறைத்து அலமாரியும், அலமாரிக்கு மேல் பெட்டியும், பெட்டிக்கு மேல் என்றோ வந்த சீதனப் பாத்திரங்களுமாக அடுக்கி வைத்திருக்கும் வீடுகளில் இந்த அறிவுரை இன்றும் உறைக்கும். மிஸ்ரின் விளைபொருள்கள் விரைவில் கெடும் இயல்பினவாதலின், புதியனவற்றையே தேர்ந்து உண்ண வேண்டும் என்பதும் அவர் கருத்து.

1049ஆம் ஆண்டின் இறுதியில் பக்தாதிலிருந்து மற்றொரு மருத்துவர் ஃபுஸ்தாத் வந்தார். அவர் பெயர் இப்னு புத்லான், கிறிஸ்தவர், அறபு மொழியில் எழுதிய பேரறிஞர். வந்த சில மாதங்களில் இவ்விருவருக்கும் மூண்ட சண்டை மருத்துவ வரலாற்றில் பெயர் பெற்றது. கோழிக்குஞ்சின் இயல்பு வெப்பம் மிக்கதா, ஏனைய பறவைக் குஞ்சின் இயல்பு வெப்பம் மிக்கதா என்பதில் தொடங்கிய அச்சண்டை, நூலில் கற்பது மேலா ஆசிரியரிடம் கற்பது மேலா என்று வளர்ந்து, முடிவில் முக லட்சணத்தைப் பழிப்பதில் போய் நின்றது. பக்தாத்காரர் நம் ஹகீமை ‘ஜின்களின் முதலை’ என்றே பெயரிட்டு அழைத்தார். பேரறிஞர்களும் மனிதர்களே என்று நாம் சிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் இப்னு புத்லானின் ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’ சிரித்துவிட்டுப் போகக்கூடிய நூலன்று. மக்கள் மருத்துவத்திடம் கேட்பது பயனை மட்டுமே, நீண்ட நிரூபணங்களை அல்ல என்பதை உணர்ந்த அவர், வானியலாரின் அட்டவணைகளைப் போல உடல்நல விதிகளைக் கட்டம் கட்டித் தந்தார். காற்று, உணவும் பானமும், உழைப்பும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவு அகலுதலும் தங்குதலும், மகிழ்ச்சி, கோபம், அச்சம் முதலிய உணர்ச்சிகள். இவ்வாறினையும் அளவோடு வைத்துக்கொண்டால் உடல் நலமாக இருக்கும் என்பதே நூலின் சாரம். 13ஆம் நூற்றாண்டில் இலத்தீன் மொழிக்குச் சென்ற இந்நூல், 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியச் செல்வர் வீடுகளில் வண்ண ஓவியங்களுடன் விளங்கியது. 1531இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அச்சேறியது. உடல் வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி பற்றிய அதன் பழங்கணக்கை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆறு தலைப்புகளை மறுப்பதற்கோ யாதொரு காரணமும் இல்லை.

மேனி பராமரிப்பையும் அக்காலத்தவர் மருத்துவத்திற்குப் புறம்பாக எண்ணவில்லை. ஸ்பெயினின் அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவீ, கி.பி. 1000ஐ ஒட்டி முடித்த தம் முப்பது பகுதிகள் கொண்ட ‘தஸ்ரீஃப்’ நூலில் பத்தொன்பதாம் பகுதியை நறுமணப் பொருள்களுக்கும் அழகுப் பராமரிப்புக்குமே ஒதுக்கினார். சாமானியரின் மேனி பராமரிப்போ ஹம்மாமில் நடந்தது. அதனை அறிய, அங்காடிக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்காக 12ஆம் நூற்றாண்டில் சிரியாவின் அஷ்ஷைஸரீ எழுதிய கையேட்டைக் காண வேண்டும். குளிப்பிடத்தின் தரைக் கற்களைச் சொரசொரப்பான பொருளால் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லையேல் இலந்தை இலைத்தூளும் கித்மீயும் சோப்பும் படிந்து குளிப்பவர் வழுக்கி விழுவர் என்று அதில் காண்கிறோம். கித்மீ என்பது நம் செம்பருத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. செம்பருத்தி இலையை அரைத்துத் தலைக்குத் தேய்க்கும் நம் பெண்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. ஜனாஸாவைக் குளிப்பாட்டும்போது மட்டுமே நாம் நினைக்கும் இலந்தை இலை, அவர்களுக்கு உயிரோடிருக்கும்போதே பயன்பட்டது!

உடம்பு தேய்ப்பவர் தம் கையை மாதுளைத் தோலால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக்கொள்ள வேண்டும் என்று கூறும் அக்கையேடு, மொச்சை, பருப்பு வகைகளால் உடம்பைத் தேய்க்கலாகாது என்றும் தடுக்கிறது. காரணம், அவை உணவு, உணவை இழிவுபடுத்தலாகாது. பாசிப்பயற்று மாவு பூசிக் குளித்து வளர்ந்த நம் குடும்பங்களில் இது ஒரு விவாதத்தையே எழுப்பக்கூடும். நாம் பயற்று மாவின் பக்கம் வழக்காட முன்வருகிறோம். ஆயினும் பஞ்சத்தைக் கண்ட ஒரு சமூகத்தின் மனம் அத்தடையில் தெரிகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

இயற்கைப் பொருள் என்ற ஒரே காரணத்தால் எதுவும் தீங்கற்றது ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழங்காலச் சுர்மா பெரும்பாலும் ஈயம் கலந்த கனிமக் கல்லைப் பொடித்துச் செய்யப்பட்டது. இன்றும் அவ்வகைச் சுர்மா கடைகளில் விற்பனைக்கு வருகிறது. ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பிறந்த குழந்தையின் கண்ணில் அதனைத் தீட்டுவதை உம்மும்மாமார் விட்டுவிடுவதே நல்லது.

உணவுக் கடைகளைப் பற்றி அஷ்ஷைஸரீ கூறுவன இன்றைய சட்டப் புத்தகத்தில் இருக்கத் தக்கவை. மாவு பிசைபவர் காலாலும் முழங்கையாலும் பிசையக் கூடாது. தும்மலில் எச்சில் தெறிக்காதிருக்க முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். வியர்வை சிந்தாதிருக்க நெற்றியில் வெண்துணி கட்டிக்கொள்ள வேண்டும். பகல் வேளையாயின் ஈயை விரட்ட ஒருவர் அருகில் நிற்க வேண்டும். மீன் வறுப்பவர் மீன்கூடைகளை அன்றாடம் கழுவ வேண்டும். நேற்றைய மீனை இன்றைய மீனோடு கலக்கக் கூடாது. செவுள் சிவந்திருந்தால் மீன் புதியது. நாகூரிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மீன் வாங்குவோர் இன்றும் செவுளைத்தானே தூக்கிப் பார்க்கின்றனர்!

வீட்டுக்குள் ஒருவர் எவ்வளவு தூய்மை பேணினும், சந்தில் எறிந்தது நைல் வழியாகத் தன் குடத்துக்கே திரும்பி வரும் என்பதை இப்னு ரிள்வான் கண்டார். அவரது காலத்துக்குப் பின் வந்த ஹிஸ்பா நூல்கள் அங்காடியையும் தெருவையும் கடமையின் கீழ்க் கொண்டுவர முயன்றன. இந்த இணைப்பே அக்காலத்து உடல்நல வாழ்வின் உயிர்நிலை என்று நாம் கருதுகிறோம். இன்று ‘இயற்கை’ என்று பொறித்த புட்டியை விலை கொடுத்து வாங்கி, காலியானதும் பக்கத்து மனைக்குள் வீசிவிடும் நாம் அந்த இணைப்பை அறுத்துவிட்டோம்.

ஹகீமின் இறுதிக் காலம் துயரமானது. பஞ்சம் வந்தபோது அவர் ஓர் அநாதைச் சிறுமியை எடுத்து வளர்த்தார். எல்லாவற்றிலும் அளவைப் போதித்த அவரது வீட்டில் பெரும் பொருள் குவிந்திருந்தது. ஒருநாள் அவள் விலையுயர்ந்த பொருள்களையும் இருபதாயிரம் தீனார் பொன்னையும் எடுத்துக்கொண்டு மறைந்துவிட்டாள் என்றும், அதன் பின் அவரது சிந்தை கலங்கிவிட்டது என்றும் இப்னு அபீ உஸைபிஆ எழுதுகிறார். ரொட்டி சுடுபவரின் மகன் அவ்வளவு பொன்னை எதற்காக வைத்திருந்தார் என்பதை அவரது தன்வரலாறு கூறவில்லை. 1060ஐ அடுத்த ஆண்டுகளில் அவர் காலமானார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1168இல், சிலுவைப் போர்ப்படை நெருங்கி வந்தபோது வஸீர் ஷாவரின் ஆணையால் ஃபுஸ்தாத் தீக்கிரையானதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பிற்காலத்தில் அங்கே தோண்டிய ஆய்வாளர்கள், அம்மக்கள் வீசியெறிந்த மண்பாண்ட ஓடுகளையும் கண்ணாடித் துண்டுகளையும் ஏராளமாகக் கண்டெடுத்தனர். நாஸிர் கண்ட குப்பிகளில் சில அவற்றுள் இருந்திருக்கலாம்.

குப்பை வீசும் பழக்கம் அந்நகரத்தோடு அழியவில்லை. வடக்கே காஹிராவின் கிழக்கு மதிலுக்கு வெளியே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழிவும் இடிபாடும் கொட்டப்பட்டு, தர்ராஸா என்னும் இடத்தில் குன்றுகளே எழுந்துவிட்டன. அண்மைக் காலத்தில் அக்குன்றுகளைத் திருத்தியபோது, ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்து மதில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. அங்கே சுமார் 75 ஏக்கர் பரப்பில் அமைந்த அல் அஸ்ஹர் பூங்கா 2005ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. மாலை வேளையில் காஹிராக் குடும்பங்கள் பிள்ளைகளோடு அங்கு வந்து அமர்கின்றன.