கலத்தின் சமிக்ஞையும் மருந்தின் உடைமையும்

மருந்துகளின் வரலாற்றைத் தனிமேதைகளின் கதையாக எழுதும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. 1960இல் பிலடெல்பியாவில் நோவலும் ஹங்கர்போர்டும் ஒருவகைக் குருதிப் புற்றுநோயாளரின் கலங்களில் இயல்பினும் சிறிய நிறமூர்த்தமொன்றைக் கண்டனர். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் தம்முள் துண்டங்களை மாற்றிக்கொண்டதன் விளைவே அதுவென 1973இல் ஜனற் ரௌலி நிறுவினார். அவ்விணைப்பினாற் தோன்றும் நொதியம், பிரிவடையுமாறு கலத்துக்கு ஓயாது சமிக்ஞை விடுக்கின்றது. புறத்திலிருந்து ஆணை வரவேண்டியதில்லை. அந்நொதியத்தை அடக்கும் இமாற்றினிப் 2001இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. கம்பனி இரசாயனவியலாளரின் திறனை நாம் மறுக்கவில்லை. எனினும் நாற்பதாண்டுக் கூட்டுழைப்பிற் பல்கலைக்கழகங்களின் பங்கு பெரிது.

உடைமையோ நோவார்ட்டிஸ் நிறுவனத்தினதாயிற்று. அம்மருந்தின் படிகவடிவமொன்றுக்கு அது 1998இல் சென்னையிற் கோரிய ஆக்கவுரிமை 2006இல் மறுக்கப்பட்டது. அறிந்த பொருளின் புதுவடிவம், ஆற்றலில் மேம்படாதவிடத்து, புத்தாக்கமாகாது என்பது இந்தியச் சட்டம். வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. 2013 ஏப்ரல் 1இல் நிறுவனம் தோற்றது. சட்ட நுணுக்கத்தினும் இங்கு முதன்மையானது வேறொன்று: மருந்தை உட்கொள்ளும்வரையே அச்சமிக்ஞை அடங்கியிருக்கும், பெரும்பாலான நோயாளர் பல்லாண்டுகள் நாள்தோறும் அதனை உண்ணவேண்டும். வழக்கு நிகழ்ந்த காலத்தில் நிறுவனத்தின் விலை மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபாவாயிருந்தது. உள்நாட்டு உற்பத்தியாளரின் விலை அப்போது ஏறத்தாழ 10,000 ரூபாவாயிருந்தது.