ஐன்ஸ்டைன் தம்பதியர் கண்ட சிங்கப்பூர்

வந்தவர்க்கெல்லாம் வாயில் திறந்து வைத்த துறைமுக நகரம் சிங்கப்பூர். 1922ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் அவ்வாயிலில் வந்திறங்கியோர் அறிவியல் மேதை ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் அவர்தம் துணைவியார் எல்சாவும் ஆவர். மார்செய் துறைமுகத்தில் 'கிட்டானோ மாரு' கப்பலேறிய அவர்கள், சொற்பொழிவு அழைப்பையேற்று ஜப்பானுக்குச் சென்றுகொண்டிருந்தனர். அவ்வாண்டு ஜூன் திங்களில் ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் ராத்தெனாவ் கொலையுண்ட பின்னர், தாய்நாட்டிலேயே ஐன்ஸ்டைனின் உயிருக்கு அச்சம் சூழ்ந்திருந்தது.

சிங்கப்பூரில் அவர் இறங்கியது வெறும் ஊர்சுற்றலுக்கன்று. எருசலேமில் எழவிருந்த எபிரேயப் பல்கலைக்கழகத்திற்கு நிதி திரட்டுவதே நோக்கம். செல்வந்தரும் யூதச் சமூகத் தலைவருமான சர் மனாசே மேயர், தம் மாளிகையில் பல இனத்தவரையும் கூட்டி வரவேற்பளித்தார். மறுநாள் கப்பல் புறப்பட்டது. நோபல் பரிசுச் செய்தி அவரை எட்டியது பின்னர் ஷாங்காயில்தான். 1925இல் பல்கலைக்கழகம் திறக்கப்பெற்றது.

எனினும் மற்றொன்றையும் மறைத்தலாகாது. 2018இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்த அப்பயண நாட்குறிப்பில், சீன மக்களை இழித்துரைக்கும் வரிகள் உள்ளன. பிற்காலத்தில் அமெரிக்காவில் இனவெறியைக் கடிந்து பேசியவரும் அவரே. ஒரு நாளில் ஓர் ஊரின் மாளிகைகளைக் கண்டுவிடலாம். மக்களை அறிய அந்நாள் போதாது. பேரறிஞர்க்கும் இது பொருந்தும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.