முத்திரை யார் கையில்? இயங்குதளச் சேவைகளும் அதிகார ஓட்டைகளும்: ஒரு சிறு வரலாறு

தாம்பரத்தில் இருந்து கடற்கரைப் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் குரோம்பேட்டை. எதிர்ப்பக்கம் செங்கல்பட்டு வண்டியில் ஏறினால் வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டி கூடுவாஞ்சேரி. கணினிப் பாதுகாப்பு என்றாலே அமெரிக்காவில் நடக்கும் சமாச்சாரம் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அந்த வரலாற்றின் சில பக்கங்கள் நாம் தினமும் கடந்து போகும் இந்த இரண்டு நிறுத்தங்களிலும் இருக்கின்றன என்று. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போகிறேன்.

முதலில் அடிப்படை. தாலுகா அலுவலகம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாசில்தார் எல்லாச் சான்றிதழுக்கும் தானே முத்திரை குத்த முடியாது. எனவே ஓர் உதவியாளரிடம் முத்திரையைக் கொடுத்து, "வருமானச் சான்றிதழுக்கு மட்டும் நீ குத்திக் கொடு" என்கிறார். உதவியாளர் நல்லவர்தான். ஆனால் யார் எந்தத் தாளை நீட்டினாலும் படித்துப் பார்க்காமல் குத்துகிறார். ஒருநாள் ஒருவர் நிலப்பட்டாவை இடையில் செருகி நீட்டுகிறார். முத்திரை விழுந்துவிடுகிறது.

கணினியில் அந்த உதவியாளருக்குப் பெயர் சேவை. அச்சு எடுப்பது, நெட்வொர்க்கைக் கவனிப்பது, கடவுச்சொல் மாற்றுவது போன்ற வேலைகளைப் பின்னணியில் செய்யும் நிரல்கள் இவை. வேலைக்குத் தேவை என்பதால் நிர்வாகியின் அதிகாரம் இவற்றிடம் இருக்கும். அந்த அதிகாரத்தைச் சாதாரணப் பயனர் ஒருவர் தந்திரமாகத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்வதைத்தான் 'பிரிவிலேஜ் எஸ்கலேஷன்' என்கிறார்கள். இங்கே அதை 'அதிகார ஏற்றம்' என்று சொல்கிறேன்.

எல்லாம் தொடங்கியது ஒரு பிட்டில்

யுனிக்ஸ் இயங்குதளம் 1969ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுப் பயன்படுத்திய காலம். எல்லோருடைய கடவுச்சொல் விவரமும் ஒரே கோப்பில் இருந்தது. அதில் எழுதும் உரிமை 'ரூட்' எனப்படும் நிர்வாகிக்கு மட்டுமே. அப்படியென்றால் ஒரு பயனர் தன் கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் நிர்வாகியைத் தேடிப் போக வேண்டுமா?

இதற்கு டென்னிஸ் ரிட்சி ஒரு வழி கண்டார். நிரல் கோப்போடு 'செட்யுஐடி' என்ற ஒரு பிட்டைச் சேர்த்தார். அந்த பிட் இருந்தால், நிரலை யார் ஓட்டினாலும், ஓடி முடியும் வரை அதற்கு அதன் உரிமையாளரின் அதிகாரம் கிடைக்கும். கடவுச்சொல் மாற்றும் நிரலுக்கு ரூட் உரிமையாளர் என்றால், சாதாரணப் பயனர் அதை ஓட்டித் தன் ஒரு வரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இதற்கு 1973ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1979 ஜனவரியில் கிடைத்தது.

யோசனை அருமையானது. ஆனால் அன்றிலிருந்து அந்த பிட் உள்ள ஒவ்வொரு நிரலும் முத்திரை வைத்திருக்கும் உதவியாளர் ஆகிவிட்டது. அதில் ஒரு சிறு பிழை இருந்தாலும் ரூட் அதிகாரம் கைமாறிவிடும். 1975லேயே ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் இதற்கான விதியை எழுதிவிட்டார்கள். எந்த நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச அதிகாரத்தை மட்டும் கொடுங்கள் என்பதே அது. இதைச் சொல்வது சுலபம். கடைப்பிடிப்பதுதான் இன்றுவரை சிரமமாக இருக்கிறது.

விண்டோஸில் நடந்தது

1993ல் வந்த விண்டோஸ் என்டியில் சேவைகள் பெரும்பாலும் 'லோக்கல் சிஸ்டம்' என்ற கணக்கில் ஓடின. அந்தக் கணினியில் அதைவிடப் பெரிய அதிகாரம் கிடையாது. 2001ல் வந்த எக்ஸ்பியில் 'லோக்கல் சர்வீஸ்', 'நெட்வொர்க் சர்வீஸ்' என்ற குறைந்த அதிகாரக் கணக்குகளைச் சேர்த்தார்கள். நல்ல முன்னேற்றம்தான்.

ஆனால் வேறொரு கதவு திறந்தே இருந்தது. 2006 ஜனவரியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுதாகர் கோவிந்தவஜ்ஜலா, ஆண்ட்ரூ ஆப்பல் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் எந்தச் சேவையின் அமைப்பை யார் மாற்றலாம் என்ற அனுமதிப் பட்டியல்களை எல்லாம் எடுத்து, தர்க்க விதிகளைக் கொண்டு கணினியாலேயே சோதித்துப் பார்த்தார்கள். சில சேவைகள் எந்த நிரலை, எந்தக் கணக்கில் ஓட்ட வேண்டும் என்பதைச் சாதாரணப் பயனரே மாற்ற முடியும் என்று தெரிந்தது. நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களைக் கண்டுபிடிக்கும் சேவை அவற்றில் ஒன்று. மைக்ரோசாஃப்ட்டின் சேவைகள் மட்டுமல்ல, மற்ற நிறுவனங்களின் மென்பொருள்கள் நிறுவிய சேவைகளிலும் இதே தவறு இருந்தது.

2006 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் எம்எஸ்06-011 என்ற அறிவிப்பின் மூலம் இதைச் சரிசெய்தது. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2004ல் வந்த சர்வீஸ் பேக் 2வை ஏற்கெனவே நிறுவியிருந்த எக்ஸ்பி கணினிகளுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. மருந்து வந்து ஒன்றரை வருடம் ஆகியும் சாப்பிடாதவர்களுக்குத்தான் நோய். இந்தக் கட்டுரையில் இது இன்னும் இரண்டு முறை வரப்போகிறது.

குரோம்பேட்டை: போஸ் லினக்ஸ்

குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2005ல் மத்திய அரசு, சென்னை சி-டாக் நிறுவனத்தையும் இந்த மையத்தையும் சேர்த்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை உருவாக்கியது. அந்தத் திட்டத்தில் சி-டாக் உருவாக்கியதுதான் 'போஸ்' என்ற இந்திய லினக்ஸ் வழங்கல். 2007 ஜனவரியில் வெளிவந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் பயன்படுத்தலாம். 2011ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு இது இருந்தது.

டெபியனை அடிப்படையாகக் கொண்டால் அதன் நன்மைகள் எல்லாம் கிடைக்கும். கூடவே ஓட்டைகளும் வரும். 2009 ஏப்ரலில் 'யுடெவ்' என்ற லினக்ஸ் சேவையில் ஓர் ஓட்டை தெரியவந்தது. கணினியில் பென் டிரைவ் போன்றவற்றைச் செருகும்போது கெர்னல் அனுப்பும் செய்தியைக் கேட்டு வேலை செய்வது இது. செய்தி உண்மையிலேயே கெர்னலிடம் இருந்துதான் வந்ததா என்று அது சரிபார்க்கவே இல்லை. சாதாரணப் பயனர் போலிச் செய்தி அனுப்பினாலும் ரூட் அதிகாரத்தோடு செய்து கொடுத்தது. அனுப்பியது யார் என்று பார்க்கும் ஒரு சோதனையைச் சேர்த்ததும் பிரச்சினை தீர்ந்தது.

அதைச் சரிசெய்த மறுமாதமே, 2009 மே மாதத்தில், அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று சத்தமில்லாமல் லினக்ஸுக்குள் நுழைந்தது. பாலிசிகிட் என்ற அமைப்பின் 'பிகேஎக்செக்' நிரலில் அது இருந்தது. இதற்கும் ரிட்சியின் அதே பிட்தான். ஒரு நிரலை ஓட்டும்போது முதல் உள்ளீடாக அதன் பெயராவது வரும் என்று பிகேஎக்செக் நம்பியது. பட்டியலே காலியாக வந்தால் எல்லை தாண்டி, பக்கத்து நினைவகத்தைப் படித்து, எழுதவும் செய்தது. குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை வெளியிட்ட நாள் 2022 ஜனவரி 25. கிட்டத்தட்ட 13 வருடம்! 'பவுன்கிட்' என்று பெயர் வைத்தார்கள். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் எல்லாவற்றிலும் வேலை செய்தது.

திருத்தம் அன்றே வந்துவிட்டது. உடனே நிறுவ முடியாதவர்களுக்குத் தற்காலிக வழியாக, அந்த நிரலில் இருந்து செட்யுஐடி பிட்டை எடுத்துவிடச் சொன்னார்கள். 1973ல் காப்புரிமை கேட்ட பிட்டை 2022ல் எடுப்பதுதான் மருந்து.

எங்கள் வீட்டில் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினி இருக்கிறது. அதை நாங்கள் ஒருமுறைகூட அப்டேட் செய்ததில்லை. வீட்டில் இணைய இணைப்பே பின்னால்தான் வந்தது. தவறு எங்களுடையதுதான். ஆனால் எத்தனை வீடுகளில் இதே கதையோ என்று யோசித்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

கூடுவாஞ்சேரி: மீண்டும் கடவுச்சொல்

கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில், ஜிஎஸ்டி சாலையை ஒட்டி ஜோஹோ நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009ல் ஜோஹோ ஆனது. அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவு, நிறுவனங்களின் கணினிகளை நிர்வகிக்கும் மென்பொருள்களை உலகம் முழுக்க விற்கிறது. அவற்றில் ஒன்று 'ஏடி செல்ஃப்சர்வீஸ் பிளஸ்'. ஊழியர்கள் ஐடி பிரிவைத் தேடிப் போகாமல் தங்கள் கடவுச்சொல்லைத் தாங்களே மாற்றிக்கொள்ளலாம். ரிட்சி தீர்த்துவைத்த அதே தேவைதான், ஒரு கணினிக்குப் பதில் ஒரு நிறுவனம் முழுவதற்கும்!

2021ல் இதில் சிவிஇ-2021-40539 என்ற ஓட்டை தெரியவந்தது. வலை முகவரியைச் சற்று மாற்றி எழுதி அனுப்பினால் அடையாளம் கேட்காமலே உள்ளே விட்டது. கண்டிப்பாகச் சொன்னால் இது அதிகார ஏற்றம் அல்ல, வாசல் பூட்டின் பிழை. ஆனால் உள்ளே இருப்பது கடவுச்சொல் மாற்றும் அதிகாரம் உள்ள சேவை ஆயிற்றே! உள்ளே நுழைந்தவர்களால் அங்கிருந்து நிர்வாகி நிலை வரை ஏற முடிந்தது. தாக்குதல்கள் ஏற்கெனவே தொடங்கியிருந்த நிலையில், 2021 செப்டம்பர் 6 அன்று 6114 என்ற பதிப்பில் ஜோஹோ திருத்தத்தை வெளியிட்டது. பத்தே நாளில் அமெரிக்காவின் எஃப்பிஐயும் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் சேர்ந்து எச்சரிக்கை விடுத்தன.

பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வர்களில் அந்தத் திருத்தம் சரியான நேரத்தில் போடப்படவில்லை. 2021 நவம்பர் 9 அன்று உள்ளே நுழைந்தார்கள். அதாவது திருத்தம் வந்து 64 நாட்கள் கழித்து! கண்டுபிடிக்கப்பட்டது 2022 ஜனவரி 18. இடையில் 70 நாட்கள். போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள், அவர்களைத் தேடும் உறவினர்கள் என 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அந்நியர் கைக்கு எட்டின. ஈழப் போரில் காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் எவ்வளவு பழக்கமான பெயர் என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களின் பெயரும் முகவரியும் தவறான கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எப்படிச் சரிசெய்வது?

இத்தனை வருட வரலாற்றில் இருந்து எனக்குப் புரிந்த தீர்வுகள் இவை:

1. சேவைக்குக் குறைந்த அதிகாரம். லினக்ஸில் ஒவ்வொரு சேவைக்கும் தனிப் பயனர் கணக்கு கொடுக்கலாம். 'நோ நியூ பிரிவிலேஜஸ்' என்ற ஒரு வரியைச் சேர்த்தால், செட்யுஐடி மூலம்கூடச் சேவையால் கூடுதல் அதிகாரம் பெற முடியாது. விண்டோஸில் லோக்கல் சிஸ்டத்துக்குப் பதில் லோக்கல் சர்வீஸ் போதுமா என்று பாருங்கள்.

2. யார் மாற்றலாம் என்று பாருங்கள். சேவையின் அமைப்பையும், அதன் நிரல் இருக்கும் ஃபோல்டரையும் நிர்வாகி மட்டுமே மாற்ற முடிய வேண்டும். நிரலின் பாதையில் இடைவெளி இருந்தால் கண்டிப்பாக மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் பாதையைப் பாதியில் வெட்டி வேறொரு நிரலை ஓட்டிவிடலாம்.

3. நிரல் எழுதுபவர்கள், கேட்பது யார், கேட்பது என்ன என்று இரண்டையும் சோதிக்க வேண்டும். யுடெவ் முதலாவதில் தவறியது. பிகேஎக்செக் இரண்டாவதில்.

4. தேவையில்லாததை நிறுத்துங்கள். 2021 ஜூலையில் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் 'பிரிண்ட்நைட்மேர்' ஓட்டை வந்தபோது, அச்சே எடுக்காத சர்வர்களிலும் அந்தச் சேவை ஓடிக்கொண்டிருந்தது.

5. திருத்தத்தை உடனே நிறுவுங்கள். 2004ல் தொடங்கப்பட்ட நம் நாட்டின் செர்ட்-இன் இதற்கான எச்சரிக்கைகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது. நிர்வாகச் சேவைகளை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்கவே வேண்டாம்.

முதல் நான்கும் ஓட்டையைச் சிறிதாக்கும். ஆனால் எவ்வளவு கவனமாக எழுதினாலும் ஓட்டை வரத்தான் செய்யும் என்பதற்கு பிகேஎக்செக்கின் 13 வருடமே சாட்சி. எனவே என்னைப் பொறுத்தவரை ஐந்தாவதுதான் முக்கியம். செஞ்சிலுவைச் சங்க விஷயத்தில் திருத்தம் நம் கூடுவாஞ்சேரிக்காரர்களின் நிறுவனத்தில் இருந்து போய்விட்டது. 64 நாட்கள் அது நிறுவப்படாமல் காத்திருந்ததுதான் சேதம்.

நாளைக்கு என் வகுப்பில் இருந்தே சிலர் இந்த ஜிஎஸ்டி சாலை நிறுவனங்களில் சேவைகளுக்கு நிரல் எழுதப் போவார்கள். இன்னும் சிலர் எங்கோ ஓர் அலுவலகத்தில் அவற்றை அப்டேட் செய்யும் வேலையில் இருப்பார்கள். இரண்டாவது வேலையை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. இதைப் படித்த பிறகு நான் மதிக்கிறேன்.

அக்காவின் மடிக்கணினியை இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். அதற்கு இனிமேல் திருத்தங்கள் கிடைக்காது என்றால் புதிய பதிப்பையே நிறுவிவிடலாம் என்று இருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் கொஞ்சம் திறந்து பாருங்கள்.